காலித் தொட்டிக்கு நாலு உருண்டை தீனி

என் மகள் எனக்கு விதித்த நிபந்தனை ஒரே வரிதான். ஒரு மீன் வாங்கி, யார் துணையும் இல்லாமல், மூன்று மாதம் அதை உயிரோடு வைத்திருக்க வேண்டும். வைத்திருந்தால் கொச்சி மட்டாஞ்சேரியில் என் வீட்டிலேயே நான் தனியாக இருந்துகொள்ளலாம். மீன் செத்தால் மறுபேச்சில்லாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு வைட்டிலாவுக்குப் போக வேண்டும். அங்கே பதினான்காவது மாடியில் அவளுடைய ஃபிளாட் இருக்கிறது. அதில் எனக்கென்று ஓர் அறையும், அந்த அறையில் திறக்க முடியாத ஒரு ஜன்னலும் இருக்கின்றன.

காரணம் ஒரு படகுப் பயணம். எர்ணாகுளத்தில் மகளைப் பார்த்துவிட்டு நான் மட்டாஞ்சேரிக்குப் படகு ஏறினேன். கூரையடியில் செருகி வைத்திருந்த உயிர்காப்பு உடைகளை எண்ணினேன். பலகையில் எழுதியிருந்ததும் என் கணக்கும் ஒத்து வரவில்லை. மறுபடி எண்ணினேன். மூன்றாவது தடவை ஒத்து வந்தது; பிழை என்னுடையதுதான். நிம்மதியாகத் தலையைத் தூக்கிப் பார்த்தால் படகு எர்ணாகுளம் துறையில் நின்றது. நடுவில் மட்டாஞ்சேரி வந்து போயிருக்கிறது. துறையில் என் மகள், வேறு வேலையாக வந்தவள், கையில் பழப்பையோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் இறங்க மறக்கவில்லை. எண்ணுவதில் கவனமாக இருந்தேன், அவ்வளவுதான். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அவளுக்கு விளங்கவைக்க என்னால் முடியவில்லை.

எண்ணுவது என் தொழில். துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருடம் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறித்தேன். நான்கு கோடு, குறுக்கே ஒரு கோடு, ஐந்து. கப்பல்காரன் பக்கத்தில் ஒருவன் எண்ணுவான், கரைப் பக்கத்தில் நான். இரண்டும் ஒத்து வந்தால்தான் கையெழுத்து. ஓய்வு பெற்று பதினெட்டு வருடம் ஆகிறது. எதையும் இரண்டு தடவை எண்ணும் பழக்கம் விடவில்லை. மனைவி இருந்தவரை இன்னொரு பக்கத்துக் கணக்கை அவள் சொல்வாள். அவள் போய் நான்கு வருடமாகிறது. இப்போது இரண்டு பக்கமும் நானே.

ஏன் மீன் என்று மகளிடம் கேட்டேன்.

"பூனைன்னா நாலு வீட்டுல தின்னு தானே பொழைச்சுக்கும் அத்தா. செடி செத்துப்போனா ஒரு வாரம் கழிச்சுத்தான் தெரியும். மீனுன்னா அன்னிக்கே தெரிஞ்சுடும்."

"எந்த மீன்?"

"ஃபைட்டர். ஒண்ணே ஒண்ணு வெச்சாப் போதும். ரெண்டு வெச்சா அடிச்சுக்கும். உங்களை மாதிரி."

பெட்டா என்று அதற்குப் பெயர் என்பதை நான் பிறகுதான் படித்தேன். பதினொரு காணொளிகள் பார்த்தேன். நான்கில் கண்ணாடிக் கிண்ணம் போதும் என்றார்கள். ஏழில் கிண்ணத்தில் வைப்பவன் மனிதனே இல்லை என்றார்கள். பெரும்பான்மையோடு போவதென்று முடிவு செய்தேன். இருபத்தைந்து லிட்டர், மூடியோடு. பெட்டா எகிறிக் குதிக்கும். மூடி இல்லாவிட்டால் காலையில் அதைத் தரையிலிருந்துதான் பொறுக்க வேண்டும்.

தொட்டி தேடி முதலில் போனது ஜூ டவுன் என்கிற யூதர் தெருவில் ஒரு பழம்பொருள் கடைக்கு. வீட்டிலிருந்து நூற்று அறுபது அடி தூரம். கடைக்காரர் பித்தளைச் சட்டம் போட்ட கண்ணாடிப் பெட்டி ஒன்றைக் காட்டி, டச்சுக் கவர்னர் ஒருவர் இதில்தான் மீன் வளர்த்தார் என்றார். தூக்கிப் பார்த்தேன். அடிப்பக்கம் இல்லை. அது விளக்குக்கூண்டு. "கவர்னருடைய மீன் எங்கே நின்றது?" என்று கேட்டேன். அவர் கடைக்கு வந்த வெள்ளைக்காரர்களைப் பார்க்கப் போய்விட்டார். பிறகு தோப்பும்படியில் ஒரு சாதாரணக் கடையில், அடி உள்ள தொட்டியாக வாங்கினேன்.

மீனுக்கு இடக்கொச்சி போனேன். அங்கே ஒரு பெண்மணி வீட்டுப் பின்புறத்தில் பெட்டா வளர்த்து விற்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். இரும்பு அலமாரிகளில் வரிசையாக போத்தல்கள், அறுபத்திரண்டு. ஒவ்வொரு போத்தலிலும் ஒரு மீன். போத்தலுக்கும் போத்தலுக்கும் நடுவே ஓர் அட்டைத் துண்டு, ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாதபடி. அவர் எனக்காக ஓர் அட்டையை உருவிக் காட்டினார். இரண்டு மீன்களும் செவுளை விரித்து, வாலை விசிறியாக்கி, பார்த்த நொடியிலேயே பரம விரோதிகளாகிவிட்டன. அட்டையைச் செருகியதும் இரண்டும் தத்தம் வேலையைப் பார்க்கப் போயின.

நான் ஒரு நீல மீனைக் காட்டினேன். அவர் மலையாளமும், என்னைப் பார்த்ததால் கொஞ்சம் தமிழும் பேசினார்.

"தொட்டி ரெடியா சாரே?"

"இன்றைக்கு மாலை தண்ணீர் ஊற்றிவிடுவேன்."

"அப்ப ஒரு மாசம் கழிச்சு வாங்க."

"மீன் இல்லாமல் தொட்டியில் ஒரு மாதம் என்ன செய்ய?"

"தீனி போடணும்."

"யாருக்கு?"

அவர் பொறுமையாக விளக்கினார். மீன் கழிக்கும் கழிவு தண்ணீரில் விஷமாகும். அந்த விஷத்தைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள் வடிகட்டிப் பஞ்சில் குடியேற வேண்டும். அவை குடியேறத் தின்பதற்கு ஏதாவது வேண்டும். ஆகவே வராத மீனுக்குத் தினமும் தீனி போட வேண்டும், அது அழுகும், அழுகினால் விஷம் வரும், விஷம் வந்தால் அவை வரும், அவை வந்து விஷம் முழுக்கத் தீர்ந்தால் மீன் வரலாம். "கண்ணாடி வாங்கினா தொட்டி ஆவாது சாரே. வெள்ளம் பழகணும்" என்றார். வெள்ளம் என்று அவர் சொன்னது தண்ணீரை. சூடாக்கும் கம்பி வேண்டுமா என்று கேட்டதற்குச் சிரித்தார். கொச்சியில் மீனுக்கல்ல, நமக்குத்தான் குளிராக்கும் கம்பி வேண்டுமாம்.

பணத்தை நீட்டியும் மீனைத் தராத முதல் வியாபாரியை அன்று பார்த்தேன். பஞ்சு வடிகட்டி ஒன்று, காற்றூதி ஒன்று, தீனி டப்பா ஒன்று, காய்ந்த பாதாம் இலை ஆறு, தண்ணீர்ப் பரிசோதனைப் பெட்டி ஒன்று, இவற்றோடு திரும்பினேன். பரிசோதனைப் பெட்டியில் சிறு குப்பிகள். தண்ணீரில் சொட்டு விட்டால் நிறம் மாறும், நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டால் எண் கிடைக்கும். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு இவ்வளவு ஒழுங்காக எண்களைத் தந்தவர் யாருமில்லை.

சரளையைப் பதினான்கு தடவை கழுவினேன். பதினான்காவது தண்ணீர் குடிக்கிற மாதிரி இருந்தது. குழாய்த் தண்ணீரை இரண்டு வாளிகளில் ஒரு நாள் முழுக்க வைத்து, குளோரின் போக மருந்துச் சொட்டும் விட்டு, எண்ணூறு மில்லிச் சொம்பால் மொண்டு ஊற்றினேன். முப்பத்தோரு சொம்பும் இன்னொரு கால் சொம்பும் வர வேண்டும். இருபத்தொன்பதிலேயே விளிம்பு வந்துவிட்டது. சரளைக்கும் இடம் வேண்டுமென்று எனக்கு உறைக்க அரை நாள் ஆயிற்று. பாதாம் இலை ஒன்றை மிதக்கவிட்டேன். பெட்டாவுக்கு அந்தச் சாறு பிடிக்குமாம். மறுநாள் தண்ணீர் பால் விடாத கட்டன் சாயா நிறமாயிற்று.

காலையில் இரண்டு உருண்டை, மாலையில் இரண்டு. கடுகைவிடச் சிறிய உருண்டைகள். போட்டுவிட்டு, நான்கும் அடியில் போய்ச் சேர்ந்தனவா என்று குனிந்து பார்ப்பேன். இப்படி ஐந்து நாள் ஆனது. ஆறாம் நாள் காலையில் நிமிர்ந்தால் பக்கத்து வீட்டுத் தையற்கார அம்மாள் ஒரு தட்டு அரிசிப் பத்திரியோடு கதவருகே நின்றிருந்தார். எனக்கு ஏதாவது ஆனால் பார்த்துக்கொள்ளட்டும் என்று மகள் மாற்றுச் சாவியை அவரிடம்தான் கொடுத்து வைத்திருக்கிறாள். அவர் ஒரே வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பவர். என்னை இக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவார்.

"இக்கா, மீனு எங்க?"

"மீன் இல்லை."

"பின்ன தீனி போட்டது?"

"மீனுக்கு இல்லை. கண்ணுக்குத் தெரியாத சிலது வரணும். அதுங்களுக்கு."

அவர் தட்டை மெதுவாக மேசையில் வைத்தார்.

"கண்ணுக்குத் தெரியாததா?"

"ஆமாம். வந்தாச்சா இல்லையான்னு சொட்டு விட்டுத்தான் கண்டுபிடிக்கணும். இன்னும் வரல. வந்து குடியேற நாலு வாரம் ஆகும். வந்துட்டா அப்புறம் போகாது."

"இந்த வீட்டுலயா?"

"இந்தத் தொட்டியில."

அவர் உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டே, எனக்கு முதுகைக் காட்டாமல், பின்னோக்கி நடந்து வெளியேறினார். அன்று முதல் அவர் கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் ஓதினார். அதை நான் பக்தி என்று நினைத்துக்கொண்டேன். பதிமூன்றாம் நாள் அம்மோனியா இரண்டைத் தொட்டது; மகிழ்ச்சியில் நான் சுவரைத் தாண்டி, "வந்துட்டிருக்கு!" என்று அவருக்குக் குரல் கொடுத்தேன். அவருடைய தையல் இயந்திரம் நின்றது. அன்று முழுக்க அது ஓடவில்லை.

பதினைந்தாம் நாள் மகள் வந்து என்னை மருத்துவரிடம் அழைத்துப் போனாள்.

நல்ல மனிதர். இளையவர். கடிகாரம் வரையச் சொன்னார், வரைந்தேன். நிமிடக் கோடுகள் அறுபதையும் போட்டேன், அதற்கே நேரமாகிவிட்டது. பிறகு சொன்னார்:

"நூறுல இருந்து ஏழு ஏழா கொறைச்சுட்டே வாங்க."

"தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது..."

பக்கத்தில் மகளும் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். "எழுபத்தொண்ணு" என்றாள். திரும்பி, "எழுபத்திரண்டு" என்று திருத்திவிட்டுத் தொடர்ந்தேன். மருத்துவர் போதும் என்று கை காட்டினார். நடுவில் நிறுத்துவது எனக்கு ஆகாது. "...ஒன்பது, இரண்டு, மைனஸ் ஐந்து, மைனஸ் பன்னிரண்டு" என்று போகும்போது அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"காலையில எழுந்ததும் என்ன செய்வீங்க?"

"தொட்டிக்குத் தீனி போடுவேன்."

"மீனுக்கு."

"மீன் இல்லை."

"பின்ன யாருக்கு?"

"வரப்போற மீனோட கழிவைத் தின்னப் போறவங்களுக்கு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அவங்களை நீங்க பாத்திருக்கீங்களா?"

"யாராலும் பார்க்க முடியாது."

"உங்ககிட்ட பேசுவாங்களா?"

"டாக்டர், அது பாக்டீரியா."

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே!"

"நீங்க என்னதுன்னு கேக்கல. யாருக்குன்னு கேட்டீங்க."

என் நினைவில் கோளாறு எதுவும் இல்லை என்று மருத்துவர் மகளிடம் சொன்னார். எண்ணுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் நல்லது என்று என்னிடம் சொன்னார். எத்தனை குறைக்க வேண்டும் என்று கேட்டேன். மகள் என்னை எழுப்பிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

ஆட்டோவில் திரும்பினோம். பாலம் ஏறியதும் கேட்டாள். "அத்தா, அந்தத் தொட்டியில மீன் இல்லைன்னு உங்களுக்கு நிச்சயமா தெரியும்ல?"

"தெரியும்."

"இந்த வாரம் விட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து பாப்பேன். அப்பவும் இதையே சொல்லணும். தெளிவா சொல்லணும். மாத்திச் சொன்னீங்கன்னா மீனும் வேண்டாம், மூணு மாசமும் வேண்டாம். அன்னிக்கே கெளம்பிடலாம்."

ஆகவே நான் செய்ய வேண்டியதெல்லாம் இல்லாத ஒன்றை இல்லை என்று சொல்வது மட்டுமே. இவ்வளவு எளிதான சோதனையை வாழ்க்கையில் எனக்கு யாரும் வைத்ததில்லை. இருந்தாலும் தினமும் ஒரு தடவை உரக்கச் சொல்லிப் பழகினேன். "தொட்டியில் மீன் இல்லை." சுவருக்கு அப்பால் தையல் இயந்திரம் நிற்பது கேட்கும்.

சனிக்கிழமை, இருபத்து மூன்றாம் நாள், அம்மோனியா பூஜ்யம். நைட்ரைட் கால்; அதுவும் தீர்ந்தால் மீன் வரலாம். இன்னும் மூன்று நாள், மிஞ்சினால் நான்கு நாள். கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்து அந்தப் பழுப்புத் தண்ணீரைப் பார்த்தேன். அழகாக இருந்தது. எத்தனை கோடி உயிர்களோ. எண்ணவே முடியாத ஒன்றை முதல் தடவையாக என் வீட்டில் வைத்திருந்தேன்.

ஞாயிறு காலை மகளுக்காக ஆட்டுக்கறி வாங்கப் போனேன். கடையில் எனக்கு முன்னால் பத்தொன்பது பேர். திரும்ப ஒரு மணி பத்து நிமிடம் ஆயிற்று. தெருமுனையில் மகள் ஆட்டோவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"தொட்டியில மீன் இருக்கா அத்தா?"

"இல்லை."

"ஒண்ணு கூட?"

"பூஜ்யம்."

"சத்தியமா?"

"நானே பார்த்துட்டுத்தான் போனேன். மீன் இல்லை."

கதவைத் திறந்தேன்.

தொட்டி ரோஜா நிறத்தில் இருந்தது. இலை இல்லை. சரளை பளபளத்தது. அந்த ரோஜா நிறத் தண்ணீரின் நடுவே, உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு மஞ்சள் மீன், உடம்பில் வரிகளோடு, எங்கள் இருவரையும் பார்த்து வாயைத் திறந்து மூடியது.

நான் எண்ணினேன். ஒன்று. மறுபடி எண்ணினேன். ஒன்று.

மகள் மீனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். முகத்தில் கோபமே இல்லை.

"இது எப்ப வாங்கினீங்க அத்தா?"

"வாங்கல."

"அப்ப யாரு வெச்சா?"

"தெரியாது."

"தண்ணி ஏன் இந்த நிறத்துல இருக்கு?"

"தெரியாது." கடைசியாக நான் கேட்டதுதான் எல்லாவற்றையும் விட மோசம். "உனக்கும் அந்த மீன் தெரியுதா?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

அப்போது பின்கட்டிலிருந்து தையற்கார அம்மாள் வந்தார். கை துடைத்துக்கொண்டே, மகளுக்குத் தெரியாமல் எனக்கு ஒரு கண்ணைச் சிமிட்டினார். என்னைவிடப் பத்து வயது இளையவர்தான் என்றாலும், அவர் கண் சிமிட்டி நான் பார்த்ததில்லை.

"மோளே, இக்காவோட மீனு எப்படி? நல்ல சுந்தரன் அல்லே! ஒரு மாசமா உசுரு மாதிரி நோக்குறாரு. நான் தினம் பாக்குறேனே, இந்த மீனு இங்கதான் இருக்கு."

"அத்தா மீனே இல்லைன்னு சொல்றாரு!"

"அது... வயசாச்சுல்ல. ஒரொரு நேரம் அப்படித்தான்."

என்னைக் காப்பாற்ற வந்தவர் என்னைக் கிணற்றில் தள்ளிவிட்டார். ஆனால் என் கண் அதிலெல்லாம் இல்லை. மேசைக்கடியில் கிடந்த தேய்க்கும் நாரைப் பார்த்துவிட்டேன்.

"தொட்டியைக் கழுவினீங்களா?"

"பின்னே? எந்து வாடையா இருந்துச்சு! வெள்ளத்தைக் கொட்டிட்டு, அந்த அழுகிச் சீஞ்ச இலையை எறிஞ்சு, பஞ்சு, கல்லு எல்லாம் பாத்திரச் சோப்பு போட்டுத் தேச்சேன். குழாய் வெள்ளம் கூட ஊத்தல இக்கா. பதிமுகம் போட்டுக் கொதிக்க வெச்சு ஆறின வெள்ளம். நாங்க குடிக்கிறது."

கேரளத்தில் வீட்டுக்கு வீடு, ஓட்டலுக்கு ஓட்டல், பதிமுகப் பட்டையைப் போட்டுக் காய்ச்சிய ரோஜா நிறத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். விருந்தாளிக்கு அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது. மீனையும் அவர் விருந்தாளியாகத்தான் நினைத்திருக்கிறார். மூன்று பானைத் தண்ணீர் காய்ச்ச விடியற்காலையிலிருந்து அடுப்பருகே நின்றிருக்கிறார். நான் போகும்வரை காத்திருந்து சாவியைப் போட்டுத் திறந்திருக்கிறார். இருபத்து நான்கு நாள். எண்ணவே முடியாத அந்தக் கோடி உயிர்களும் பாத்திரச் சோப்பில் போய்விட்டன. தரையில் உட்கார்ந்துவிட்டேன். மகள் பதறி எழுந்து, "நெஞ்சு வலியா?" என்றாள்.

தரையில் உட்கார்ந்ததால்தான் மீனின் முகம் எனக்கு நேராகத் தெரிந்தது. அது தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயை வைத்து இழுத்துக்கொண்டிருந்தது. செவுள் அடிப்பதை எண்ணினேன். பதினைந்து வினாடிக்கு முப்பத்தெட்டு. கொதித்து ஆறிய தண்ணீரில் காற்று இருக்காது. பெட்டாவாக இருந்தால் மேலே வந்து மூச்சு வாங்கிச் சமாளிக்கும். இது பெட்டா இல்லை.

"இந்த மீன் எங்க பிடிச்சது?"

"பள்ளத்தி. காயல் மீனுன்னு சொல்லித்தான் தந்தான். கூடைக்காரன்கிட்ட கறிக்கு வாங்கினேன், இது ஒண்ணு மட்டும் துள்ளிட்டு இருந்துச்சு..."

எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. பொதுவாக எனக்கு இரண்டு முயற்சி வேண்டும். பின்கட்டில் பழகிய தண்ணீர் இரண்டு வாளி எப்போதும் வைத்திருப்பேன். ஒன்றைக் கூடத்துக்கு இழுக்கச் சொல்லி மகளை விரட்டினேன். அவர் அணைத்துவைத்திருந்த காற்றூதியின் குழாயைத் தொட்டியிலிருந்து பிடுங்கி வாளியில் போட்டு ஓடவிட்டேன். காயல் என்றால் உப்பங்கழி, அந்த மீனுக்குக் கொஞ்சம் உப்பு வேண்டும்; பத்து லிட்டருக்கு நான்கு கரண்டி கல்லுப்பு போதும் என்று கணக்கிட்டு, தையற்கார அம்மாளைக் கரைக்கச் சொன்னேன். அவர் ஓதிக்கொண்டே கரைத்தார். தேயிலை வடிகட்டியால் மீனை எடுத்து வாளிக்கு மாற்றினேன். மூவரும் வாளியைச் சுற்றிக் குனிந்து நின்றோம்.

"முப்பத்தெட்டு" என்றேன். சற்று நேரத்தில், "முப்பத்து மூன்று." பிறகு, "இருபத்தேழு."

"இருபத்தெட்டு அத்தா" என்றாள் மகள். அவளும் எண்ணிக்கொண்டிருக்கிறாள். மறுபடி இருவரும் சேர்ந்து எண்ணினோம். இருபத்தாறு. ஒத்து வந்தது. பள்ளத்தி வாளியின் அடிக்குப் போய் ஒரு சுற்றுச் சுற்றியது.

மகள் தையற்கார அம்மாளைப் பார்த்தாள். "இத்தா, நிஜத்தைச் சொல்லுங்க."

அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். இல்லாத மீனுக்கு இக்கா தீனி போட்டது. கண்ணுக்குத் தெரியாதவர்களை வீட்டுக்கு அழைத்தது. தினமும் சுவருக்கு அப்பால் மீன் இல்லை மீன் இல்லை என்று தனியாகக் கத்தியது. மகள் வந்து பார்க்கும்போது ஒரு மீனாவது இருந்தால் இக்காவின் பேச்சு சரியாகிவிடுமே என்று நினைத்திருக்கிறார். "இக்கா போயிட்டா இந்த வீட்டை வாங்கிக் காபிக்கடை போடுவாங்க மோளே. அந்தப் பக்கம் ஏற்கெனவே மூணு. நான் யாருக்குப் பத்திரி கொண்டு போய்க் கொடுக்கறது, வெள்ளைக்காரனுக்கா?"

மகள் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள். தாகத்துக்குச் சொம்பை எடுத்துத் தொட்டியிலிருந்தே ரோஜாத் தண்ணீரை மொண்டுவிட்டாள். வாயருகே போன பிறகுதான் மூவரும் கத்தினோம்.

கறி சமைத்துத் தின்றோம். மாலையில் வாளியோடு இடக்கொச்சி போய்ப் பள்ளத்தியைக் காயலில் விட்டோம். அப்படியே பெட்டாக்கார அம்மாளின் வீட்டுக்கும் போனோம். சோப்புக் கதையைக் கேட்டதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு உள்ளே போய், தன்னுடைய பழைய தொட்டியிலிருந்த பஞ்சு ஒன்றை ஒரு போத்தலில் பிழிந்து தந்தார். சேறு மாதிரித் தண்ணீர். "இது என் வீட்டுக் குடித்தனக்காரங்க. ரெண்டு வாரத்துல பெருகிடும்" என்றார். திரும்பும்போது மகள் அந்தச் சேற்றுப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குழியிலும் ஒரு கையால் மூடியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

தொட்டியை இருபது தடவை வெறும் தண்ணீரில் அலசினேன். பன்னிரண்டாம் நாள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். நீல மீன் விற்றுப்போயிருந்தது, சிவப்பு வந்தது. வந்த முதல் நாள் அது ஓர் இலையின் மேல் படுத்துக்கொண்டு அசையவே இல்லை. மகள் தொலைபேசித் திரையில் பார்த்து, "செத்துடுச்சா?" என்றாள். "ஓய்வெடுக்குது" என்றேன். "இன்னிக்குத்தான் வந்திருக்கு, அதுக்குள்ள என்ன ஓய்வு?" என்றாள். நாற்பது வரை எண்ணினேன். அது எழுந்து மேலே போய் ஒரு வாய்க் காற்று குடித்துவிட்டு மறுபடி வந்து படுத்தது. தையற்கார அம்மாள் தினமும் வந்து, ஓதாமல், மீனுக்குச் சலாம் சொல்லிவிட்டுப் போகிறார்.

மீன் வந்து தொண்ணூறு நாள் ஆயிற்று. மீன் உயிரோடு இருந்தது. தொண்ணூறாம் நாள் மகள் வந்து, தொட்டியின் முன்னால் உட்கார்ந்து, தானே இரண்டு உருண்டை போட்டாள். பிறகு, நான் பயந்துகொண்டிருந்ததைச் சொன்னாள்.

"மீனையும் கொண்டுட்டு ஃபிளாட்டுக்கு வந்துடலாமே அத்தா. தொட்டிக்கு இடம் இருக்கு."

நான் தயாராகத்தான் இருந்தேன். தண்ணீரோடு தொட்டி முப்பது கிலோ. தூக்கினால் ஒட்டு விட்டுப்போகும். தண்ணீரைக் கொட்டினால் பழகியது போய்விடும். வைட்டிலாத் தண்ணீர் வேறு. அங்கே போய் மறுபடி ஒரு மாதம் இல்லாத மீனுக்குத் தீனி போட வேண்டும், அதுவும் பதினான்காவது மாடியில், புதிய அக்கம்பக்கத்தார் நடுவில். கடைசியாகச் சொன்னதில் அவள் முகம் மாறியது.

"சரி. இந்த மீன் இருக்கிற வரைக்கும் நீங்க இங்கேயே இருங்க. அதுக்கப்புறம் பேசலாம்." எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். "இது எத்தனை வருஷம் இருக்கும்?"

"மூன்று. நல்லா பார்த்துக்கிட்டா நான்கு."

"நல்லா பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்று வருடம் என்றால் எனக்கு எழுபத்தொன்பது. நான்கு என்றால் எண்பது. அது போதும் என்று தோன்றியது. ஆனால் ஒரு கணக்கை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. மறுநாளே பெட்டாக்கார அம்மாளுக்குத் தொலைபேசியில் பேசி, விற்கும்போது அந்த மீனுக்கு வயது என்ன என்று கேட்டேன்.

"ஏழு மாசம் இருக்கும் சாரே. வால் அவ்வளவு விரியணும்னா அத்தனை ஆகும். ஏன்?"

சும்மாதான் என்றேன். மீனின் ஆயுள் கணக்கிலிருந்து கழிக்க வேண்டிய அந்த ஏழு மாதத்தை நான் இதுவரை மகளிடம் சொல்லவில்லை.